டெஸ்பாட்ச் அக்காவின் மேசை

எங்க ஆபீஸ்ல புதுசா யாரு வேலைக்கு வந்தாலும் மொத நாள் ரெண்டு விஷயம் சொல்லிக்குடுப்போம். ஒண்ணு, கக்கூஸ் சாவி எங்கன தொங்குதுன்னு. இன்னொண்ணு, டெஸ்பாட்ச் அக்கா மேசையில எதையும் வச்சிராதிய.

"வச்சா என்னாகும்?"னு கேப்பாவ.

"அனுப்பிருவாவ."

புதுசா வந்த ஆளு சிரிக்கும். நாங்க சிரிக்க மாட்டோம். பட்டவங்கல்லா.

பாளையங்கோட்டையில ஒரு பழைய ரெட்டை மாடி வீட்டுல இருந்துச்சு எங்க அறக்கட்டளை. தாமிரபரணிப் பாசனத்துல இருக்க கால்வாய், குளம் இதுகளைத் தூர்வார பெரிய கம்பெனிகள்ட்ட உதவி கேட்டு வாங்கி, அந்தந்த ஊர் விவசாயிகள் சங்கத்தோட சேந்து வேலை நடத்துறது. அதனால ஊருப்பட்ட தபால் போகும் வரும். வெளிய போற ஒவ்வொரு தபாலுக்கும் அக்கா நம்பர் போட்டு, நோட்டுல ஏத்தி, கவர் ஒட்டி, சாயங்காலம் நாலு மணிக்குள்ள தபாலாபீஸ்ல சேத்துருவாவ. நாலேகாலுக்கு அவிய மேசையில ஒரு ஈ உக்காந்தாலும் தனியாத் தெரியும். அந்த ஈயையும் விரட்டிட்டுத்தான் சேரன்மாதேவி பஸ்ஸுக்குக் கிளம்புவாவ.

"மேசையில கெடந்தா நம்ம தலைவலி தம்பி. போயிட்டுன்னா அவிய தலைவலி." இதை வாரத்துக்கு நாலு தடவையாவது எங்கிட்டச் சொல்லிருப்பாவ.

ஒரு தடவை மேனேஜர் ஏதோ கேக்க வந்தவரு, மூக்குக் கண்ணாடியைக் கழட்டி அக்கா மேசையில வச்சுட்டு முகத்தைத் தொடச்சாரு. அதுக்குள்ள போன் வந்துட்டு. பேசிக்கிட்டே உள்ள போயிட்டாரு. மத்தியானத்துக்கு மேல கண்ணாடியைக் காணோம்னு ஆபீஸே தலைகீழாப் போச்சு. ஸ்டோர் அண்ணாச்சி கட்டிலுக்கு அடியில தேடுத மாதிரி பீரோவுக்கு அடியில படுத்துத் தேடுதாரு. மறுநாள் மேனேஜர் வீட்டம்மா தூத்துக்குடியிலருந்து போன் பண்ணுதாவ: "உங்க கண்ணாடி கூரியர்ல வந்துருக்கு. நல்லா பஞ்சு வச்சு சுத்தி அனுப்பியிருக்காவ. நீங்க வேற கண்ணாடி போட்டுருக்கியளா?"

"யம்மா, என்னம்மா இது?"ன்னு கேட்டாரு மேனேஜர்.

"உங்க சாமான் சார். உங்க வீட்டு விலாசம் எனக்குத் தெரியும்லா?"ன்னாவ அக்கா. முகத்துல ஒரு குத்தமும் தெரியல.

அது சின்ன விஷயம். பெருசு ஒண்ணு நடந்துச்சு. சென்னையில இருக்க தலைமை ஆபீஸ் மேல ஏதோ கோவம் வந்து மேனேஜர் ராஜினாமாக் கடிதம் ஒண்ணு எழுதிட்டாரு. கோவத்துல எழுதுறதும், டீ குடிச்சுட்டுக் கிழிச்சுப் போடுறதும் அவருக்குப் பழக்கம். அன்னைக்குக் கிழிக்குறதுக்கு முன்னால யாரோ கூப்பிட்டாவன்னு கையில இருந்த கடிதத்தை மேசையில வச்சாரு. எந்த மேசைன்னு பாக்கல. நாலு நாள் கழிச்சு தலைமை ஆபீஸ்லருந்து பதில் வந்துச்சு: உங்கள் சேவைக்கு நன்றி, பொறுப்பை எப்போது ஒப்படைக்கிறீர்கள்? மனுசன் ராத்திரியோட ராத்திரியா ரயிலேறிப் போய்க் கெஞ்சிக் கூத்தாடித்தான் வேலையைக் காப்பாத்திக்கிட்டாரு. அதுக்குப் பிறகு அக்கா மேசையைக் கடந்து போகும்போது ரெண்டு கையையும் பின்னால கட்டிக்கிட்டுப் போவாரு. அக்காவை அவரால மன்னிக்கவே முடியல. நான் அவரைக் குறை சொல்ல மாட்டேன்.

நான் அப்ப அங்கன டைப்பிஸ்ட். லெட்டர் அடிக்குறது, கணினியில விவரம் ஏத்துறது, பிரின்டர் மக்கர் பண்ணுனா முதுகுல தட்டுறது, இதெல்லாம் என் வேலை. அக்காவுக்கு அம்பது வயசு நெருங்கிட்டு இருந்துச்சு. வீட்டுக்காரரு காலமாகிப் பல வருசம். ஒரே மக, நாகர்கோவில்ல நர்சிங் படிச்சுக்கிட்டு இருந்தா. அக்கா சம்பளம் ஒண்ணுதான் வரும்படி. இதை ஏன் சொல்லுதேன்னா, பின்னால நடந்ததை வெறும் கூத்துன்னு நெனச்சுச் சிரிச்சுட்டுப் போயிரக் கூடாதுல்லா.

எங்களுக்கு உதவி பண்ணிக்கிட்டு இருந்த கம்பெனி ஒரு நாள் ஒரு புது விதி போட்டுச்சு. இனிமே நிர்வாகப் பணியாளர்களுக்குச் சம்பளம் கிடையாது, திட்ட ஒருங்கிணைப்பாளர்களுக்கு மட்டும்தான். சரி, ஆள் மாறப் போகுதான்னு பயந்தோம். அதெல்லாம் இல்ல, இருக்கிற ஆளுகளையே மூணு மாசம் பயிற்சி குடுத்து ஒருங்கிணைப்பாளரா மாத்தணுமாம். கடைசி நாள் பரீட்சை. எழுதித் தேறினா வேலை தொடரும். இல்லாட்டி வீட்டுக்கு. நாலு பேரு: நான், அக்கா, ஸ்டோர் அண்ணாச்சி, வரவேற்புல உக்காந்திருக்க தங்கச்சி.

பயிற்சி குடுக்க கோயம்புத்தூர்லருந்து ஒருத்தர் வந்தாரு. சின்ன வயசு, நல்ல மனுசன். யாரைப் பாத்தாலும் "சொல்லுங்க, சொல்லுங்க"ம்பாரு. மொத நாள் சுவத்துல மூணு கட்டம் போட்டாரு. செய்ய வேண்டியது, செய்துகொண்டிருப்பது, முடிந்தது. ஒட்டுற மாதிரி மஞ்சச் சீட்டுல வேலைகளை எழுதி மொதல் கட்டத்துல ஒட்டச் சொன்னாரு. வேலை நகர நகர சீட்டும் நகரணுமாம். நாங்க ஆளுக்குப் பத்துச் சீட்டு எழுதி ஒட்டினோம்.

மறுவாரம் வந்து பாத்தா சுவர் மொட்டையா இருக்கு. ஒரு சீட்டைக்கூடக் காணோம்.

"இங்க ஒட்டியிருந்ததெல்லாம் எங்கங்க?"

"அனுப்பிட்டேன் சார்"னாவ அக்கா. "உங்க கோயம்புத்தூர் விலாசத்துக்கு. இன்னும் வரலியா?"

அவரு பொறுமையா, "அக்கா, திட்டம்னா அதுக்கு ஒரு ஆரம்பம் இருக்கும், ஒரு முடிவு இருக்கும். நடுவுல உள்ளதைத்தான் நாம பாத்துக்கணும்"னாரு.

"தபாலும் அப்பிடித்தான் சார். நடுவுல உள்ளதைத் தபால்காரரு பாத்துக்கிடுவாரு."

ஸ்டோர் அண்ணாச்சி எங்கிட்டக் குனிஞ்சு, "பயிற்சி யாரு யாருக்குக் குடுக்காவ வே?"ன்னாரு.

மூணாவது மாசம் செய்முறைப் பாடம். எல்லாருக்கும் தெரிஞ்ச ஒரு திட்டத்தை எடுத்துக்கிடுவோம்னு அவரு கல்யாணத்தை எடுத்தாரு. பொய்க் கல்யாணம். பொண்ணு தமிழரசி, மாப்பிள்ளை கதிரேசன், ரெண்டும் அந்த நிமிசத்துல எங்க வாயில வந்த பேரு. அண்ணாச்சிக்குச் சாப்பாடு, தங்கச்சிக்கு மேடை, எனக்கு அழைப்பிதழ், அக்காவுக்கு விருந்தினர் பொறுப்பு. எல்லாம் காகிதத்துலதான். நாள் மட்டும் நெசமா இருக்கணும்னு பயிற்சி முடியுற நாளையே முகூர்த்த நாளாப் போட்டோம். இடம், எங்க ஆபீஸ் வளாகம்.

இங்கதான் எனக்குக் கிறுக்குப் பிடிச்சுது. ஒரே கடிதத்தை நூறு பேருக்கு, பேரும் விலாசமும் தானா மாறி மாறி வர்ற மாதிரி அச்சடிக்கிற வித்தையை அந்த வாரம்தான் அவரு எனக்குச் சொல்லிக்குடுத்திருந்தாரு. கை சும்மா இருக்குமா? ஆபீஸ் பட்டியல்ல இருந்த விவசாயிகள் சங்கத் தலைவருங்க, ஊராட்சித் தலைவருங்க விலாசத்தையெல்லாம் எடுத்து, மஞ்சத் தாள்ல நூத்திருபது அழைப்பிதழ், நூத்திருபது கவர் அடிச்சுத் தள்ளிட்டேன். ஒவ்வொண்ணா மடிச்சு உள்ள போட்டேன். எல்லாம் ஒண்ணுபோல அடுக்கி வச்சுப் பாக்க அம்புட்டு அழகு. என் மேசையில எடமில்ல. டீ குடிக்கப் போற அவசரத்துல அந்தக் கட்டைப் பக்கத்து மேசையில வச்சுட்டுப் போனேன்.

பக்கத்து மேசை யாரு மேசை? வேற யாரு மேசை!

டீ குடிச்சுட்டு, அண்ணாச்சிகிட்ட ஊர்க்கதை பேசி வடை தின்னுட்டு வந்தா நாலரை. மேசை பளபளன்னு இருக்கு. அக்கா பையைத் தோள்ல மாட்டிக்கிட்டு நிக்காவ.

"அக்கா, இங்கன ஒரு கட்டு..."

"அனுப்பியாச்சு."

"எய்யா! அக்கா, அது ஒத்திகைக்கா! பொய்க் கல்யாணம்! நீங்களும்தான வகுப்புல இருந்திய?"

"தெரியும் தம்பி. ஆனா கவர்ல விலாசம் இருந்துச்சே. விலாசம் எழுதிட்டா அது தபால்தான்." அதைச் சொல்லிட்டு அவிய பாட்டுக்கு பஸ்ஸுக்குப் போயிட்டாவ.

அந்த நேரமே போய் மேனேஜர்ட்டச் சொல்லியிருக்கணும். நூத்திருபது போன் பண்ணியிருந்தாலும் ரெண்டு நாள்ல முடிஞ்சிருக்கும். நான் பண்ணல. முகந்தெரியாத தமிழரசி கல்யாணத்துக்கு எவன் வருவான், கவரைப் பிரிச்சுப் பாத்துட்டு யாரோ என்னவோன்னு போட்டுருவான்னு எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கிட்டேன். உண்மை என்னன்னா, பயம். பரீட்சைக்கு அஞ்சே நாள். அந்த நேரம் பாத்து என் பேரு கெடணுமான்னு நெனச்சேன்.

எங்க ஊருப் பக்கத்து மனுசரைப் பத்தி நான் மறந்து போன விஷயம் ஒண்ணு உண்டு. எந்த ஆபீஸ்ல நம்ம மனு கெடக்குதோ அந்த ஆபீஸ்லருந்து பத்திரிகை வந்தா, பொண்ணு யாரு, மாப்பிள்ளை யாருன்னு ஒருத்தரும் பாக்க மாட்டாவ. போய்த் தலையைக் காட்டிட்டு வந்துருவாவ. தலையைக் காட்டாதவன் ஊருக் கால்வாய் தூர்வாராமலே கெடந்துரும்னு ஒரு பயம்.

பரீட்சை அன்னைக்குக் காலையில பத்து மணிக்கு மாடியில எல்லாம் தயார். சென்னையிலருந்து கம்பெனி அதிகாரியம்மா வந்து உக்காந்துட்டாவ. பக்கத்துல மேனேஜர், புதுச் சட்டை. நாங்க நாலு பேரும் பேனாவோட படியேறப் போனோம். அப்ப வாசல்ல ஒரு வேன் வந்து நின்னுச்சு.

முக்கூடல் பக்கத்துலருந்து வெள்ளை வேட்டி வெள்ளைச் சட்டையில பன்னெண்டு பேரு இறங்குதாவ. கூடவே பட்டுச்சேலையில பொம்பளையாளு. ஒருத்தர் கையில சுவர்க் கடிகாரம், ஒருத்தர் கையில குத்துவிளக்கு. பின்னாலயே ஸ்ரீவைகுண்டத்துலருந்து ஒரு டெம்போ, அதுல ரெண்டு வாழைத்தாரு. அதுக்குப் பின்னால உடன்குடிக்காரர் ஒருத்தர் ஓலைக்கொட்டான்ல கருப்பட்டியோட ஆட்டோவுலருந்து இறங்குதாரு.

"யாரு வீட்டுக் கல்யாணம் வே இது?"ன்னு ஒருத்தர் பைய இன்னொருத்தரைக் கேக்காரு.

"யாருக்குத் தெரியும்? மேனேஜர் தங்கச்சி மகளா இருக்கும். நம்ம கடைமடைக் கால்வாய் ஃபைலு உள்ளதான கெடக்கு? சும்மா சிரிச்ச மொகமா நில்லும்."

எனக்குக் கால் ரெண்டும் ஓடுறதுக்குத் தயாராயிட்டு. அண்ணாச்சி கையில இருந்த பேனா கீழ விழுந்துட்டு. அக்கா மட்டும் வாசலையும் படியையும் ஒரு தடவை பாத்தாவ.

"நீங்க மேல போங்க. இவியள அனுப்பிட்டு வந்துருதேன்."

நாங்க போனோம். ஆமா, போயிட்டோம். அக்காவைத் தனியா விட்டுட்டு மூணு பேரும் மாடிக்குப் போய் உக்காந்துட்டோம்.

வினாத்தாள் வந்துச்சு. நாலாவது கேள்வியைப் படிச்சதும் எனக்குச் சிரிக்கவா அழவான்னு தெரியல: உங்கள் நிகழ்ச்சிக்கு எதிர்பாராமல் இருநூறு பேர் வந்துவிட்டால் எப்படிச் சமாளிப்பீர்கள்? படிப்படியாக விளக்குக.

என் இடம் சன்னலோரம். கீழ எட்டிப் பாத்தேன்.

அக்கா ஒரு பெஞ்சை வாசல்ல குறுக்கப் போட்டு உக்காந்துட்டாவ. வர்ற ஆளு பேரு, ஊரு, வந்த நேரம், கூட எத்தனை பேருன்னு எழுதிக் கையெழுத்து வாங்கிட்டுத்தான் உள்ள விடுதாவ. சரசரன்னு எழுதினேன்: முதலில் வருகைப் பதிவேடு.

முக்கூடல்காரர், "ஏம்மா, மொய்யும் நீங்கதான் எழுதுதியளா?"ன்னாரு.

"மொய் கெடையாது. பேரை மட்டும் சொல்லுங்க."

"பொண்ணு மாப்பிள்ளை எங்கம்மா?"

"பொண்ணும் கெடையாது, மாப்பிள்ளையும் கெடையாது அண்ணாச்சி. இது ஒத்திகை. நீங்க அப்பிடி வேப்பமர நெழல்ல உக்காருங்க, தண்ணி வருது."

அவரு கொஞ்சம் யோசிச்சாரு. "அப்பம் நெசக் கல்யாணம் எப்ப?"

"அதுக்குத் தனியாத் தபால் வரும்."

மனுசன் திருப்தியாப் போய் உக்காந்துட்டாரு! நான் எழுதினேன்: விருந்தினரிடம் உண்மை நிலவரத்தைத் தெளிவாகச் சொல்லி, நிழலும் குடிநீரும் ஏற்பாடு செய்ய வேண்டும்.

பதினொண்ணரைக்குள்ள ஆளு இருநூறு தாண்டிட்டு. எங்க மத்தியானச் சாப்பாடு இருபது பொட்டலம்தான். அக்கா எழுந்திருச்சு கேட்டுக்கு வெளிய போனாவ. கால்மணி நேரத்துல திரும்பி வந்து எல்லாரையும் எழுப்பினாவ. ரெண்டு தெரு தள்ளி ஒரு கல்யாண மண்டபம். அன்னைக்கு அங்கன நெசமாவே ஒரு கல்யாணம். மாப்பிள்ளை வீட்டு ஆளுகளை ஏத்திட்டு வந்த பஸ்ஸு ரெண்டும் வழியில பழுதாகி நின்னுட்டாம். மண்டபம் காலி. சமைச்ச சாப்பாடு அண்டா அண்டாவா இருக்கு. பொண்ணுக்குத் தகப்பன் வாசல்ல நின்னு கையைப் பிசைஞ்சுக்கிட்டு இருந்திருக்காரு.

"கல்யாணத்துக்குத்தான வந்திய? அங்கன ஒண்ணு நடக்கு. வரிசையா வாங்க"ன்னாவ அக்கா. விலாசம் மாறி வந்த கடிதத்துக்குப் புது விலாசம் எழுதி அனுப்புற மாதிரி அம்புட்டுப் பேரையும் திருப்பி விட்டுட்டாவ. குத்துவிளக்கு, கடிகாரம், வாழைத்தாரு, கருப்பட்டி எல்லாம் முன்னபின்னத் தெரியாத ஒரு சோடிக்குப் போய்ச் சேந்துச்சு. சங்கத் தலைவருங்க வரிசையா வேட்டியை மடிச்சுக் கட்டிக்கிட்டு உள்ள நுழைஞ்சதைப் பாத்து அந்தத் தகப்பன் கண்கலங்கிட்டாருன்னு பின்னால கேள்விப்பட்டேன். அங்கன இன்னைக்கும் அந்தக் கல்யாணத்தைப் பத்திப் பெருமையாத்தான் பேசுதாவளாம்.

நான் எழுதினேன்: அருகிலுள்ள அமைப்புகளோடு ஒருங்கிணைந்து வளங்களைப் பகிர்ந்துகொள்ள வேண்டும். படிச்ச படிப்புல நான் பாத்து எழுதின ஒரே பரீட்சை அதுதான்.

நடுவுல அதிகாரியம்மா சன்னல் வழியா எட்டிப் பாத்து, "யாரு இவ்வளவு பேரு?"ன்னு கேட்டாவ. மேனேஜருக்கும் ஒண்ணும் புரியல. ஆனா வாய் சும்மா இருக்காதே. "நம்ம பயனாளிகள் மேடம். பயிற்சி முடியுதுன்னு கேள்விப்பட்டு வாழ்த்துச் சொல்ல வந்திருக்காங்க"ன்னு சொல்லிட்டாரு. அம்மா குறிப்பு நோட்டுல நீளமா எதையோ எழுதினாவ.

ஒரு மணிக்கு வாசல் முத்தம் காலி. ஒரு காகிதத் தம்ளர் கூடக் கீழ கெடக்கல. அக்கா பேனாவை எடுத்துக்கிட்டு, சேலைத் தலைப்பால முகத்தைத் தொடச்சுக்கிட்டு, மாடியேறி வந்தாவ. அப்பத்தான் விடைத்தாளைக் கட்டி முத்திரை வச்சுக்கிட்டு இருந்தாரு மேனேஜர்.

"அனுப்பிட்டேன் சார்"னாவ அக்கா.

வருகைத்தாள்ல அவிய பேருக்கு நேரா ஏற்கெனவே எழுதியாச்சு: வரவில்லை.

பயிற்சியாளர் மட்டும் விடல. "சார், அவங்க கீழதானே இருந்தாங்க? இன்னைக்கு இங்க ஒருங்கிணைப்பு வேலை பாத்தது அவங்க ஒருத்தர்தாங்க"ன்னு மல்லுக்கு நின்னாரு. மேனேஜர், "பரீட்சை மாடியில நடந்துச்சு. அந்தம்மா மாடியில இல்ல"ன்னாரு. பிறகு, வந்தவங்க ஒருத்தர்ட்டருந்து வாங்கின மஞ்சப் பத்திரிகையைக் கையில வச்சுக்கிட்டு என் பக்கம் திரும்புனாரு. "அந்தப் பத்திரிகையெல்லாம் வெளிய போனது எப்பிடி?"

நான் வருகைத்தாளைப் பாத்துக்கிட்டே சொன்னேன்.

"டெஸ்பாட்ச்லருந்து போயிருக்கு சார்."

பொய்யில்ல. ஒரு எழுத்துக்கூடப் பொய்யில்ல. அந்த நிமிசத்தை நெனச்சா இன்னைக்கும் எனக்குச் சோறு எறங்க மாட்டேங்கு. அக்கா எனக்கு ரெண்டடி தள்ளித்தான் நின்னாவ. என்னைத் திரும்பிக்கூடப் பாக்கல.

முடிவு வந்துச்சு. நான் மொத இடம். நாலாவது கேள்விக்கு முழு மார்க். அண்ணாச்சியும் தங்கச்சியும் தேறிட்டாவ. அக்காவுக்குப் பணி முடிவுக் கடிதம். புது ஒருங்கிணைப்பாளரா என் மொத வேலை என்ன தெரியுமா? அந்தக் கடிதத்தை டைப் அடிக்கிறது. வழக்கமா அடிக்குற மாதிரி மேல 'பதிவுத் தபால் மூலம்'னு அடிச்சேன். கீழ, இக்கடிதம் தங்களுக்குக் கிடைத்த நாளிலிருந்து தங்கள் பணி முடிவுக்கு வருகிறதுன்னு அடிச்சேன். மேனேஜர் கையெழுத்துப் போட்டுட்டு எங்கிட்டக் குடுத்தாரு. அக்கா கையில குடுக்க அவருக்கும் தைரியமில்ல, எனக்கும் தைரியமில்ல. அக்கா மேசையில வச்சுட்டு நான் டீக்குப் போயிட்டேன்.

திரும்பி வந்தப்ப அக்கா கவர்ல தன்னோட விலாசத்தை எழுதி முடிச்சிருந்தாவ. மணியான கையெழுத்து. பின்கோடு வரைக்கும் சுத்தம்.

"அக்கா..."

"படிச்சேன் தம்பி."

"இங்கனயே எடுத்துக்கிடலாமேக்கா. எதுக்கு அஞ்சலுக்கெல்லாம்..."

"பதிவுத் தபால்னு போட்டிருக்கே. கையில வாங்குனா அது தப்பாயிரும்லா?" நம்பர் போட்டு, நோட்டுல ஏத்தி, மத்தத் தபாலோட சேத்துக் கொண்டு போயிட்டாவ.

மறுநாள் காலையில ஒம்பதரைக்கு வழக்கம்போல வந்து உக்காந்தாவ. மேனேஜர் என்னை உள்ள கூப்பிட்டு, "இந்தம்மா ஏன் வருது?"ன்னாரு.

"தபால் இன்னும் அவங்களுக்குக் கிடைக்கல சார்."

அவரு தலையைச் சொறிஞ்சாரு. கடிதத்துல அப்பிடித்தான எழுதியிருக்கு.

தபால்காரரு சேரன்மாதேவியில அக்கா வீட்டுக்குப் போனப்ப வீடு பூட்டிக் கெடந்துருக்கு. மக நாகர்கோவில்ல, அக்கா ஆபீஸ்ல. வேற யாரு இருப்பா? சீட்டு வச்சுட்டுப் போயிருக்காரு. அக்கா பஸ் பிடிச்சு ஊர் போய்ச் சேர்றதுக்குள்ள தபாலாபீஸ் அடைச்சிரும். வச்சிருக்குற நாள் முடிஞ்சு, 'ஆள் இல்லை'ன்னு எழுதிக் கடிதம் எங்க ஆபீஸுக்கே திரும்பி வந்துட்டு. வந்த தபாலைப் பிரிச்சுப் பதியுறதும் அக்காதான். உள்வரும் நோட்டுல ஏத்தி மேனேஜர்ட்டக் கொண்டு போனாவ. அவரு நிமிந்து பாக்காமலே 'மீண்டும் அனுப்பவும்'னு எழுதினாரு. அக்கா மறுபடியும் அனுப்பினாவ.

மறுபடியும் வீடு பூட்டியிருந்துச்சு. மறுபடியும் திரும்பி வந்துச்சு. அக்கா வேலையில இருந்து போகணும்னா வீட்டுல இருக்கணும். வீட்டுல இருக்கணும்னா வேலையில இருந்து போகணும். இப்பிடியே ஒரு மாசத்துக்கு மேல ஓடிட்டு. சம்பளமும் வந்துச்சு. எங்களுக்கெல்லாம் உள்ளுக்குள்ள ஒரே சந்தோசம். இப்பிடியே மக படிப்பு முடியுற வரைக்கும் அந்தக் கடிதம் போயிட்டுப் போயிட்டு வரட்டும்னு தங்கச்சி கொக்கிரகுளம் அம்மனுக்கு நேந்துக்கிட்டா.

மூணாவது தடவை அனுப்பின அன்னைக்கு அக்கா ஒரு லீவு லெட்டர் எழுதி மேனேஜர்ட்ட நீட்டினாவ. காரணம்: பதிவுத் தபால் ஒன்றைப் பெற்றுக்கொள்ள வேண்டியிருப்பதால். ரெண்டு நாள். மேனேஜர் படிக்காமலே கையெழுத்துப் போட்டாரு.

நான் வாசல் வரைக்கும் பின்னாலயே ஓடினேன். "போகாதியக்கா. நீங்க போகாட்டி ஒருத்தரும் ஒண்ணும் செய்ய முடியாது. பிள்ளைக்கு இன்னும் ஒரு வருசப் படிப்பு இருக்குல்லா? இது கெடந்து அலையட்டும், உங்களுக்கு என்ன வந்துச்சு?"

"நான் அனுப்புன தபால் ரெண்டு தடவை சேராமத் திரும்பி வந்துருக்கு தம்பி. இருபத்திரெண்டு வருசத்துல அப்பிடி ஒண்ணு கெடையாது. பாக்கவே அசிங்கமா இருக்கு." பஸ் வந்துட்டு, ஏறிட்டாவ.

இப்ப அம்பாசமுத்திரத்துல ஒரு கூரியர் கடையில இருக்காவன்னு கேள்வி. மக படிச்சு முடிச்சு வேலைக்குப் போயிட்டாளாம். அந்த ஒரு வருசத்தை எப்பிடி ஓட்டுனாவன்னு எனக்குத் தெரியாது. நேர்ல போய்க் கேக்க எனக்கு முகமில்ல.

கடைசியாப் பேசினது அந்த ரெண்டாவது லீவு நாளு. பதினோரு மணி இருக்கும். ஆபீஸ் போன் அடிச்சுது, நான்தான் எடுத்தேன்.

"தம்பி, தபால் வந்துட்டு. கையெழுத்துப் போட்டு வாங்கிட்டேன். சேந்துட்டுன்னு நோட்டுல குறிச்சுக்கிடு."

எனக்கு அடக்க முடியல. அழுகையும் கோவமும் சேந்து வந்துட்டு. "அக்கா, அந்தக் கல்யாணப் பத்திரிகைக் கட்டை உங்க மேசையில வச்சது நான்தானக்கா. மேனேஜர் கேக்கும்போது நான் அதைச் சொல்லல. நான் ஒரு கோழைப் பய. நீங்களாவது சொல்லியிருக்கலாம்லாக்கா? ரெண்டடி தள்ளித்தான நின்னிய, ஏன் சொல்லல?"

அந்தப் பக்கம் அக்கா கோவப்படல, அழவும் இல்ல. தபால்தலை விலை கேட்டா சொல்லுவாவல்லா, அதே குரல்ல சொன்னாவ.

"கேட்டா சொல்லியிருப்பேன் தம்பி. எங்கிட்ட ஒருத்தரும் கேக்கலியே. சரி வையி, வாசல்ல போஸ்ட்மேன் காப்பிக்கு நிக்காரு."